திறக்காத சிப்பிக்கு விலை கொடுத்தவர்கள்

வன்னியில் நின்று பிரசங்கம் வைக்கச் சங்கடமான ஒரு பகுதி பைபிளில் இருக்கிறது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு சின்னக் கதைகள். ஒருவன் காணிக்குள் புதையலைக் காண்கிறான். உள்ளதெல்லாம் விற்று அந்தக் காணியை வாங்குகிறான். அடுத்தவன் முத்து வியாபாரி. தேடித் திரிந்து அருமையான ஒரு முத்தைக் கண்டதும் அவனும் கையிலிருப்பதை முழுக்க விற்றுவிடுகிறான். அவ்வளவுதான் கதை. கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வரும். அந்தச் சுழற்சியில் இந்தப் பகுதி ஆடி மாதக் கடைசியில் விழும்.

2008இல் அது ஜூலை 27ஆம் திகதி விழுந்தது. விடத்தல்தீவு இராணுவத்திடம் போய் அப்போது இரண்டு கிழமைகூட ஆகவில்லை. மேற்கு வன்னிச் சனம் துணுக்காய், மல்லாவி, அக்கராயன் என்று கிழக்கே நகர்ந்துகொண்டிருந்த நாட்கள். கோயிலுக்குள் ஒருவன் உள்ளதெல்லாம் விற்ற கதை வாசிக்கப்படுகிறது. வெளியே வீதியில் உள்ளதெல்லாம் ஏற்றிய உழவு இயந்திரங்கள் போகின்றன. அன்றைய பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. யாருக்கும் ஞாபகமிருக்கும் என்றும் தோன்றவில்லை.

அந்த முதல் இடப்பெயர்வில் எங்கள் சனம் எதையும் விட்டுவரவில்லை என்பதை வெளியூர்க்காரருக்கு விளங்கவைப்பது கஷ்டம். ஓடு கழற்றி ஏற்றினார்கள். கூரைத் தகரம், கதவு நிலை, யன்னல், தண்ணீர் இறைக்கும் மோட்டர், நெல்லு மூட்டை, ஆடு, மாடு, கோழிக்கூடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் போட்ட பிளாஸ்ரிக் பை. போற இடத்தில் ஒரு கொட்டில் போட இதெல்லாம் தேவை என்பதுதான் கணக்கு. தருமபுரத்தில் ஓடு இறங்கியது. விசுவமடுவில் கதவு நிலை இறங்கியது. புதுக்குடியிருப்பு தாண்டும்போது மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். மாத்தளனில் தறப்பாளும் சட்டிபானையும் மிஞ்சின. அங்கே பங்கருக்கு மணல்மூட்டை வேண்டும், சாக்குக் கிடையாது. பெண்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். கூறைச்சேலைகளும் அதில் போயின. கலியாணச் சேலையில் மண் நிரப்பித் தலைமாட்டில் அடுக்கிய சனத்துக்கு ‘எல்லாம் விட்டுவிடுவது’ பற்றி நாங்கள் என்ன புதிதாகச் சொல்லப்போகிறோம்?

சுழற்சி மறுபடி 2011 ஆடியில் அதே வாசகத்தோடு வந்தது. மீள்குடியேறி வந்திருந்த நேரம். கூரையில்லாத கோயில், மேலே தறப்பாள். இளம் ஃபாதர் ஒருவர், நல்லவர், ஆர்வமாகப் பேசினார். பற்றுகளை விட வேண்டும், உலகப் பொருளை விட வேண்டும் என்றார். பூசை முடிந்து வெளியே வரும்போது வயதான அம்மா ஒருவர் கோபமில்லாமல், கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்ன ஃபாதர், விடச் சொல்லிச் சொல்லுறியள். விடுறதுக்கு எங்களிட்ட இனி என்ன கிடக்கு?”

ஃபாதரிடம் பதில் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அது சரியான பதில் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பறிபோனதையும் கொடுத்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எங்களிடமிருந்து பறித்தார்கள். எந்த ஷெல்லும் எங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. அந்தக் கதைகளில் வருகிறவர்களோ தாங்களாகப் போய் விற்றவர்கள். அப்படியானால் வன்னியில் அந்தக் கடைசி வருடத்தில் தானாகக் கொடுத்தவர் என்று யாராவது உண்டா? கொடுக்கக்கூடிய ஒன்று யாரிடமாவது மிஞ்சியிருந்ததா?

மிஞ்சியிருந்தது. வெளியே போகும் வழி.

2008 செப்ரெம்பர் 16ஆம் திகதி ஐ.நா. நிறுவனங்களின் வாகனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, வெளியேறுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற ஓரிரு அமைப்புகள் தவிர மற்ற எல்லோரும் புறப்பட்டார்கள். அதற்கு முந்திய நாட்களில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியதை அங்கிருந்த வெளிநாட்டுப் பணியாளர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். போனவர்களை நான் திட்டப்போவதில்லை. அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. சாட்சி சொல்லக்கூடிய கண்கள் இல்லாமல் போனதால் என்ன நடந்தது என்பதை ஐ.நா.வே தன் உள்ளக விசாரணையில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்தக் கிழமைகளில் போக வழி இருந்தும் போகாமல் நின்றவர்களில் குருக்களும் கன்னியர்களும் இருந்தார்கள். சாதாரணச் சனத்துக்கு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும், பிணை வைக்க ஆள் வேண்டும், ஓமந்தைச் சோதனைச்சாவடியின் மறுபக்கம் என்ன நடக்கும் என்ற பயம் வேறு. அங்கி போட்டவர்களுக்கு அந்தச் சுவர் அவ்வளவு உயரமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆயர் இல்லம் இருந்தது, மன்னாரில் இருந்தது. நோய் என்று சொல்லிப் போயிருக்கலாம், கூட்டம் என்று சொல்லிப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர், உருத்திரபுரம் பங்கில் குருவாக இருந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன். சரா ஃபாதர். நாற்பதை ஒட்டிய வயது. உருத்திரபுரத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது அவரும் இடம்பெயர்ந்தார். சனம் கொட்டில் போட்ட இடமெல்லாம் அவரும் கொட்டில் போட்டார். கடைசியாக முள்ளிவாய்க்கால். சாப்பாடில்லாமல், பங்கருக்குள் அடைந்து கிடந்த நாட்களுக்குப் பிறகு, 2009 மே 18ஆம் திகதி இராணுவப் பகுதிக்குள் சனத்தோடு வந்து சேரும் தறுவாயில் விழுந்து இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. குண்டு படவில்லை. யுத்தம் முடிந்தது என்று உலகம் கேள்விப்பட்ட அதே நாள்.

அவர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று கேட்டால் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரு ஷெல்லைக்கூட அவரால் திசை திருப்ப முடியவில்லை. கூட இருந்தார். செத்தவர்களுக்குச் செபம் சொன்னார். அதுதான் அவர் செய்தது.

இதை எழுதும்போது எனக்கு மன்னார்க் கடல் நினைவுக்கு வருகிறது. முத்து வியாபாரி கதையை நாங்கள் பாலஸ்தீனத்துக் கதையாகக் கேட்கிறோம், ஆனால் வன்னியின் மேற்குக் கரையைத் தாண்டினால் உலகத்தின் பெயர்போன முத்துப் படுகைகளில் ஒன்று இருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் வேலை பார்த்த அரச அலுவலர்களில் லெனார்ட் வூல்ஃப் ஒருவர். அதைப் பற்றிப் பிறகு எழுதியுமிருக்கிறார். அந்த முத்துக்குளிப்பு எப்படி நடந்தது தெரியுமா? சுழியோடிகள் கரைக்குக் கொண்டுவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு அவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கை அன்றன்றே ஏலம் போடுவார்கள், ஆயிரம் ஆயிரமாக, ஒன்றைக்கூடத் திறக்காமல். வாங்கியவர் அதைக் கொண்டுபோய்ப் புழுத்து நாறவிட்டு, கழுவி, பிறகுதான் உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்ப்பார். காற்று முழுக்க அழுகல் வாடை. ஒரே நாளில் பணக்காரன் ஆனவனும் உண்டு, நாற்றத்தை மட்டும் விலைக்கு வாங்கியவனும் உண்டு.

இயேசு சொன்ன வியாபாரிக்கு ஒரு வசதி இருந்தது. அவன் முத்தைக் கண்ணால் கண்டான். கண்டபிறகு விற்றான். எங்கள் கரையில் வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. வன்னியில் நின்றவர்கள் எங்கள் கரை வியாபாரிகள். நின்றால் யாராவது பிழைப்பார்களா, தாங்கள் நிற்பதால் ஏதாவது மாறுமா, ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே விலை கொடுத்தார்கள். வாடையும் சேர்ந்தே வந்தது.

வாடை என்று சும்மா சொல்லவில்லை. வலைஞர்மடம் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 பங்குனி, சித்திரையில் அந்தக் கோயில் வளவுக்குள் பெருந்தொகைச் சனம் ஒதுங்கியிருந்தது. குருக்களும் கன்னியர்களும் அங்கே இருந்தார்கள். பிள்ளைகளைப் புலிகள் பிடித்துப் போகாமல் இருக்கக் கோயில் நிழல் உதவும் என்று நம்பித் தாய்மார் இளம் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். புலிகள் உள்ளே வந்து அந்தப் பிள்ளைகளை இழுத்துப் போனார்கள். குருக்களால் தடுக்க முடியவில்லை. பிறகு ஏப்ரல் 23ஆம் திகதி அதே கோயில் மீது ஷெல் விழுந்தது. கத்தோலிக்க நிவாரண அமைப்பான கறித்தாஸ் ஹியுடெக்கின் பொறுப்பாளராயிருந்த வசந்தசீலன் ஃபாதர் அதில் ஒரு காலை இழந்தார். உள்ளே வந்தவர்களும் நாங்கள் நம்பியிருந்த பக்கம், வெளியே இருந்து அடித்தவர்களும் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த பக்கம். நடுவில் ஒரு பீடமும் கொஞ்சம் கன்னியரும். இந்தக் கதையைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். கோயிலை நம்பினோம், பிள்ளை போய்விட்டது என்பார்கள். நின்றவர்கள் அதையும் தோளில் சுமந்துகொண்டுதான் வெளியே வந்தார்கள்.

முன்னரே உயிர்விட்ட இருவரையும் சொல்ல வேண்டும். 2007 செப்ரெம்பர் 26ஆம் திகதி, இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார்ப் பொறுப்பாளர் நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் ஃபாதர், நிவாரணப் பொருட்களோடு போகும்போது மல்லாவிக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில் கிளைமோரில் கொல்லப்பட்டார். 2008 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, கருணாரட்ணம் ஃபாதர், நாங்கள் கிளி ஃபாதர் என்று கூப்பிடுகிறவர், மல்லாவி வவுனிக்குளம் வீதியில் அதே விதமாகக் கொல்லப்பட்டார். அவர் வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராகவும் இருந்தவர். யுத்தத்தில் உளம் உடைந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தன் பணியாக வைத்திருந்தவர். இரண்டு பேருக்கும் தாங்கள் போகும் வீதியில் கிளைமோர் இருக்கலாம் என்று தெரியும். அந்த நாட்களில் வன்னிக்குள் எந்த வீதியும் அப்படித்தான்.

இனி பிரான்சிஸ் ஜோசப் ஃபாதர். இவரைப் பற்றி எழுத நெடுநாளாக யோசித்தேன், ஏனென்றால் இவர் கதை முடியவில்லை.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஆங்கிலத்தில் வல்லவர். வயதான காலத்தில் யாழ்ப்பாணத்தில் மரநிழலில் இருந்து பழைய மாணவர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கக் கூடியவர். அவர் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனார். இடம்பெயர்ந்தார். 2009 மே 10ஆம் திகதி, குண்டுகளுக்கு நடுவிலிருந்து, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். மே 18ஆம் திகதி வட்டுவாகலில், சரணடைய வந்த புலிகளின் பொறுப்பாளர்களும் அவர்களின் குடும்பங்களும் அவரோடு சேர்ந்து நின்றார்கள். அவர் பெயர்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்ததையும், அவர்களோடு அவரும் பஸ்ஸில் ஏறியதையும் கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள் இன்றுவரை வரவில்லை. குழந்தைகளும் இருந்தார்கள்.

அவர் செய்தது சரியா? பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர், புலிகளோடு அவருக்கு என்ன அவ்வளவு நெருக்கம் என்று கேட்பார்கள். சிலர் வேறு மாதிரிக் கேட்பார்கள்: ஒரு குருவானவர் கூட வந்ததால்தானே அந்தக் குடும்பங்கள் நம்பி ஏறின? இரண்டாவது கேள்வி கனமானது. தன் அங்கியை நம்பி இவர்களை விடமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பவில்லை என்பதை நான் மறக்கமாட்டேன். பட்டியலைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருக்கலாம். கிழவர், குருவானவர், ஆயுதம் தொடாதவர். செட்டிகுளம் முகாமுக்குப் போகும் சனத்தோடு சேர்த்து விட்டிருப்பார்கள். தான் எழுதிய பட்டியலுக்கு அவர் தன்னையே பிணையாக வைத்தார். அந்தப் பிணையை யாரும் மதிக்கவில்லை என்பது அவருடைய குற்றமல்ல.

இப்படி நிற்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்றும் சொல்லலாம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், பூசை வைப்பதைத் தடுத்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுநூறு பேரளவில் வன்னிக் காட்டுக்கு வந்தார்களாம். அன்றைக்கும் வன்னிதான் ஓடி ஒளிய இடம். 2008 ஏப்ரலில் அந்தச் சொரூபம் மறுபடி இடம்பெயர்ந்தது. மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் குருக்கள் கொண்டுபோனார்கள், ஓகஸ்ட்டில் திரும்பிவந்தது. மூன்று நூற்றாண்டு கழித்தும் மாதாவுக்கும் எங்களைப் போலத்தான் விதி என்று அம்மம்மா சொல்லுவா.

ஒல்லாந்தர் காலத்து ஒடுக்குமுறையைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் வந்த போர்த்துக்கேயர் கையிலும் சிலுவைதான் இருந்தது. மாந்தையில் திருக்கேதீச்சரக் கோயில் இடிபட்டது அவர்கள் காலத்தில். விசுவாசத்துக்காக எல்லாம் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்று பெருமைப்படும்போது, எங்கள் விசுவாசத்தின் பேரில் எல்லாம் இழந்தவர்களும் அதே மாந்தையில் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

ஒல்லாந்தர் ஆட்சியில் குருவே இல்லாமல் கிடந்த கத்தோலிக்கச் சனத்திடம் 1687இல் ஒரு மனிதர் வந்தார். யோசேப்பு வாஸ். கோவாக்காரர், 1651இல் பெனாலிமில் பிறந்தவர், மரியாதையான குடும்பம், அங்கே குருக்கள் கூட்டம் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேஷத்தில் தோணியேறினார். வந்து சேர்ந்தபோது வயிற்றுப்போக்கில் சாகும் நிலை. தேறியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார்; மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அவர் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்கத்தான். சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். கண்டியில் சிறையிருந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது மற்றவர்கள் ஓட, அவர் நின்று நோயாளிகளைக் கழுவினார். ஆயராக்க வந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலை காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். வன்னி முழுக்க அன்று மடுவில் நின்றது. காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு வந்த தாய்மாரும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்கள்.

வாஸுக்குப் புனிதர் பட்டம் கிடைக்க முந்நூறு வருடம் பிடித்தது. எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. எரிச்சல்தான். முந்நூறு வருடம் பொறுக்கக்கூடிய திருச்சபைக்கு முள்ளிவாய்க்கால் நேற்று நடந்த விஷயம். தாய்மாருக்கு அப்படியில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நின்றவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோர் மருந்தில்லாத ஆஸ்பத்திரிகளில் கடைசிவரை நின்றார்கள். யுத்தம் முடிந்ததும் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். கச்சேரி அலுவலர்கள் நின்றார்கள், தாதிகள் நின்றார்கள், கிராம அலுவலர்கள் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நெற்றியில் திருநீறு பூசுகிறவர்கள். அவர்களுக்கு மத்தேயு 13 தேவைப்படவில்லை. எனவே ‘கிறிஸ்தவ விசுவாசம்தான் நிற்கவைத்தது’ என்று நான் கொடி பிடிக்கமாட்டேன். எங்கள் குருக்களை நிற்கவைத்தது அந்த விசுவாசம் என்று மட்டும் சொல்லுவேன்.

இன்னொன்று. மனைவி பிள்ளைகளோடு வெளியே போன போதகர்களும் உண்டு, அவர்களைப் பற்றிக் கதைப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கதையில் விருப்பமில்லை. குருவானவருக்குப் பிள்ளை இல்லை. அவர் தன் உயிரை மட்டும் பந்தயம் வைக்கலாம். நாலு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரவோடிரவாக நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கிய தாய்க்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவளுடைய முத்து அவள் இடுப்பில் இருந்தது. அதைக் கரைசேர்க்க அவள் கொடுத்த விலையையும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இப்போது வன்னிக்கு வாருங்கள். ஏ9 வீதியில் மாங்குளத்திலிருந்து பரந்தன்வரை வரும்போது புதுச் சபைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். சிலவற்றில் கேட்கும் செய்தி இதுதான்: கொடு, பத்து மடங்காய் வரும். விதை, அறுப்பாய். வெளிநாட்டுப் பாஸ்ரர் ஒலிவாங்கியில் சத்தமாகச் சொல்லுகிறார். மைக்ரோ கடனில் மூழ்கிக்கிடக்கிற பெண் பையிலிருக்கும் கடைசித் தாளை எடுத்து உறைக்குள் வைக்கிறாள். அவளுக்கு என்மேல் கோபம் வரலாம், ஆனாலும் சொல்லுகிறேன்: அவளிடமிருந்து அதை வாங்குகிறவர் அந்த முத்து வியாபாரியின் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அவன் வட்டிக்கு விடவில்லை.

அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எல்லாம் பறிகொடுத்த ஒருவரிடம் ‘உனக்குத் திரும்பக் கிடைக்கும்’ என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால், யார் போகமாட்டார்? அந்த இடத்தில் நோய்க்குக் கை வைத்துச் செபிக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அழவிடுகிறார்கள். பழைய கோயில்கள் யுத்தத்துக்குப் பிறகு கூரை போடுவதிலும் கோபுரம் கட்டுவதிலும் காட்டிய அவசரத்தில் கொஞ்சம் சனத்தை இப்படி அழவிடுவதற்கும் காட்டியிருந்தால், இந்தப் பெயர்ப்பலகைகள் இவ்வளவு முளைத்திருக்காது. மொசைக் தரை போட்ட கோயில்களைக் காணும்போது எனக்குச் சரா ஃபாதரின் கொட்டில்தான் ஞாபகம் வரும்.

திருச்சபை முழுக்கச் சும்மா இருந்தது என்றும் சொல்லமுடியாது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழு முன் போய், கச்சேரிக் கணக்குகளையே எடுத்துவைத்துக் கேட்டார்: 2008 ஒக்ரோபரில் வன்னியில் 429,059 பேர், வெளியே வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர், மிச்சம் 146,679 பேர் எங்கே? அதற்காக விசாரணைக்காரர்கள் அவர் வாசலுக்கு வந்தார்கள். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆயர் பதவி ஒரு பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை அவர் செலவழித்தார். அதையும் விற்றுக்கொடுத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 2011 அம்மாவிடம் இன்று பேசினால் என்ன சொல்லுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லமாட்டேன் என்றுதான் படுகிறது. அவவிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று அவ நினைத்துக்கொண்டிருந்தா. ஆனால் பெற்றோர் இல்லாத இரண்டு பிள்ளைகளை முகாமிலிருந்து தன்னோடு கூட்டிவந்து, கிடைத்த நிவாரண அரிசியில் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவ அவதான். சொந்தப் பிள்ளைகள் அல்ல, சொந்தமும் அல்ல. அதை யாரும் பிரசங்கத்தில் சொல்லவில்லை. அவவுக்கும் அது கொடுத்ததாகத் தெரியவில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் வருடக்கணக்கில் போகிறது. தேடிக்கொண்டே செத்துப்போன தாய் தகப்பன்மார் ஏராளம். முருகன் கோயில் வாசல். உட்கார்ந்திருப்பவர்களில் சைவமும் உண்டு, வேதமும் உண்டு. அவர்கள் தேடும் ஆட்களில் பிரான்சிஸ் ஜோசப் ஃபாதரும் ஒருவர். அவர் எழுதிய பட்டியல் இன்னமும் எங்கோ ஒரு அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதைக் காட்டுங்கள் என்று கேட்பது அந்தத் தாய்மாரின் வேலை மட்டுமல்ல. அவர் அதிபராக இருந்த கல்லூரியின் பழைய மாணவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வருடம் தவறாமல் இராப்போசன விருந்து வைக்கிறார்கள். அங்கே மேசையிலிருந்து எழும்பி இந்தக் கேள்வியையும் கேட்கலாம்.

குருக்களின் பெயர்களை நான் எழுதினேன், ஏனென்றால் அவை பதிவில் இருக்கின்றன. வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் நின்ற கன்னியர்களின் பெயர்கள் நான் வாசித்தவற்றில் மிக அரிதாகவே வருகின்றன. ‘சில அருட்சகோதரிகள்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. காயங்களுக்குச் சேலைத் துண்டு கட்டியவர்கள், கஞ்சி ஊற்றியவர்கள், செத்த பிள்ளையைத் தாயின் கையிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தவர்கள். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எங்கோ ஒரு மடத்தில் சிறுபிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிக்கொண்டு. தாங்களாக வாய் திறக்கமாட்டார்கள். அவர்களோடு அந்தக் கோயில் வளவில் இருந்தவர்கள் ஒரு கொப்பியை எடுத்து, திகதியோடு, இடத்தோடு, பெயரோடு எழுதத் தொடங்கலாம். முதலில் அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு.